டாண்டர் மில் பலகையில் ஒரு பெயர்

எங்கள் ஊர் ஸ்கார்ஷாவில் முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மேவிஸ் கிரென்ஷாவைத் தெரியும். ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கரண்டி பிடித்தவர். தட்டில் கேரட்டை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைப்பார். என்னையும் உட்கார வைத்திருக்கிறார். கணவர் ரொனால்ட் இறந்த அடுத்த வருஷம், தன்னுடைய எழுபத்தெட்டாவது வயதில், ஊரிலிருந்த தகவல் பலகைகளைக் கழுவித் துடைக்க ஆரம்பித்தார்.

மொத்தம் பதினான்கு பலகைகள். 1992-ல் நகர மன்றம் வைத்தவை. கால்வாய் மதகு, பழைய பொதுக் குளியலறை, மெதடிஸ்ட் சர்ச், வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலம், ஏழைகள் விடுதி என்று ஊரின் கதை துண்டு துண்டாக அவற்றில் எழுதியிருந்தது. வைத்த கையோடு எல்லோரும் மறந்துபோனார்கள். படங்களில் சிவப்பும் மஞ்சளும் வெளிறிப்போய் நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் தகடு பழுத்த நகம் மாதிரி மஞ்சளடித்து, அதன்மேல் பாசி படர்ந்து, அதற்கும் மேல் பள்ளிப் பிள்ளைகள் மார்க்கர் பேனாவால் கெட்ட வார்த்தைகளை எழுதியிருந்தார்கள். குளியலறைப் பலகைக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருந்தது.

மேவிஸ் சக்கரம் வைத்த காய்கறிப் பையில் வாளி, பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ், காருக்குப் போடும் மெழுகு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போவார். வெந்நீர் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். தட்டிய வீடெல்லாம் அவர் சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளைகளின் வீடு. "அடுத்து என் காரையும் ஒரு கை பாத்துடுங்க மேவிஸ்" என்று கிண்டல் செய்வார்கள். "முதல்ல உன் மூஞ்சிய கழுவு, மத்தத அப்புறம் பாக்கலாம்" என்பார். அழுகிப்போன மரக்கால்களை மட்டும் நகர மன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு மாற்ற வைத்தார். அந்தக் கடிதங்களை, நான் வேலை பார்க்கும் நூலகத்தில், அவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். எங்கள் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

ஒன்றரை வருஷத்தில் பதின்மூன்று பலகைகளும் தெளிந்துவிட்டன. பதினான்காவது, டாண்டர் மில் பலகை. மில் இடிந்து நாற்பது வருஷமாகிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அதன் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், தள்ளுவண்டிகளை அடுக்கிவைக்கும் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றது அந்தப் பலகை. அதை எப்போது துடைக்கப்போகிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், குளிர் போகட்டும், முட்டிவலி குறையட்டும் என்று ஏதாவது சாக்கு சொல்வார்.

உள்ளூர் வாரப் பத்திரிகை அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டது. கடைசிப் பலகையைத் துடைப்பதுபோல ஒரு படம் வேண்டும் என்றார்கள். நகர மன்றச் செயலாளர் டெரிக் பாம்ஃபோர்த் அதற்குத் தேதியே குறித்துவிட்டார். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை மதியம், மேவிஸ் மழையில் நனைந்துகொண்டே நூலகத்துக்கு வந்தார். மேல்கோட்டைக் கழற்றவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ரொவீனா, அந்தப் பலகையில என் பேரு இருக்கு கண்ணு" என்றார். "செத்தவங்க பட்டியல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாண்டர் மில் தீ விபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1958 அக்டோபரில், பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங் பிரிவில் பறந்துகொண்டிருந்த பஞ்சில் பொறி பட்டு ஒன்பது பெண்கள் செத்துப்போனார்கள். பலகையில் அவர்களுடைய பெயரும் வயதும் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் நாலாவது, 'எம். என்ட்விசில், 15.' ரொனால்டைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் மேவிஸ் என்ட்விசிலாக இருந்தது நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம்.

அவர் சொன்னது இதுதான். அந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகுதான் மில்லில் சேர்ந்திருந்தார். பக்கத்து ஊரில் சக்கரக் காலணி போட்டு ஓடும் அரங்கு ஒன்று திறந்திருந்தார்கள். ஒரு பையன் கூப்பிட்டான், வெள்ளிக்கிழமை போகலாம் என்று. வேலைக்கு மட்டம் போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். மூன்று தெரு தள்ளி இருந்தவள் ஐரீன் ஹோல்ரைடு. வயது பதினாலு, இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அந்த வாரம் பள்ளி விடுமுறை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பஞ்சுத் தூசிக்குள் நின்றால் எல்லாப் பெண்களும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். மேஸ்திரி முகத்தைப் பார்ப்பதில்லை, நேர அட்டையைத்தான் பார்ப்பார். 'ஒரே ஒரு நாள் எனக்குப் பதிலா போ' என்று மேவிஸ் கெஞ்சியிருக்கிறார். ஐரீன் சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிக்கொண்டாள். அத்தை வீட்டுக்குப் போவதாக அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"அந்தப் பையன் பேரு ஞாபகம் இருக்கு. மூஞ்சி ஞாபகம் இல்ல" என்றார் மேவிஸ். "எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது."

நாலு மணி பஸ்ஸில் திரும்பி வரும்போது மேட்டின் உச்சியிலேயே புகை தெரிந்ததாம். ஓடிப்போய் வீட்டுக்குள் நுழைந்தால் தெருவே கூடியிருந்தது. மகள் செத்துவிட்டாள் என்று அம்மாவுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தார்கள். வாசலில் மேவிஸைப் பார்த்ததும் அம்மா எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே காதோரமாகக் கேட்டார்:

"அப்போ உள்ள போனது யாரு?"

மேவிஸ் சொன்னார். அப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஹோல்ரைடு வீட்டுக்கு நடந்தார். ஐரீனின் அம்மா அங்கே சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். ஐரீனுக்கும் சேர்த்து.

அன்று சாயங்காலப் பத்திரிகை நேர அட்டைகளைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டது. அதில் எம். என்ட்விசில் இருந்தது. பின்னால் மரண விசாரணையில் அது திருத்தப்பட்டு, ஐரீன் தன் பெயரிலேயே அடக்கம் செய்யப்பட்டாள். முப்பத்து நாலு வருஷம் கழித்துப் பலகைக்கு எழுதிக்கொடுத்த வரலாற்று ஆசிரியர் வெளியூர்க்காரர். முதல் நாள் பத்திரிகையை மட்டும் பார்த்து எழுதிவிட்டார். அவரும் இப்போது உயிரோடில்லை.

பலகை வைத்த வாரமே மேவிஸ் அதைப் படித்திருக்கிறார். கையில் காய்கறிப் பையோடு நின்று, செத்தவர்களுக்கு நடுவில் தன் பெயரைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ரொனால்ட் வேறு ஊர்க்காரர்; விஷயம் தெரிந்த பழைய தெருக்காரர்களும் அதைப் பேசியதில்லை, அவருக்கு இந்தக் கதையே தெரியாது. ஐம்பத்தைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவரிடம் சொல்லாததை, அவர் போன பிறகு யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மதகுப் பலகையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

"அவ பேரு அங்க வரணும்" என்றார். "அது போதும்."

நான் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய் மரண விசாரணை அறிக்கையை நகல் எடுத்துவந்தேன். இருபத்திரண்டு பக்கம். ஐரீன் பெயர் தெளிவாகவே இருந்தது. பதினாறாம் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. பெண்கள் புகைபிடிக்க வெளியே நழுவாமலிருக்க, பின்பக்கப் படிக்கட்டுக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒன்பது உடல்களும் அந்தக் கதவடியில்தான் கிடந்தன. பூட்டச் சொன்னது யாரென்று அறிக்கை சொல்லவில்லை. எதிர்பாராத விபத்து என்று முடித்திருந்தார்கள்.

டெரிக் பாம்ஃபோர்த் படம் எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு நகலைப் புரட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, வம்பு என்றால் பயம். குடும்பத்தார் சம்மதம் இருந்தால் நல்லது என்றார். குடும்பம் என்று மிஞ்சியிருந்தது ஐரீனின் தம்பி நெவில் ஒருவர்தான். தீ விபத்தின்போது பதினோரு வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கால்வாய்க்கரை வரிசை வீடுகளில் தனியாக இருந்தார். மேவிஸ் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அறுபத்தைந்து வருஷமாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரில் மேவிஸ் வந்தால் நெவில் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாராம்.

போகும் வழியில் மேவிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அங்க கதவு, சங்கிலி, எதையும் பேசாத. சத்தியமா பேசக்கூடாது." ஏன் என்று கேட்பதற்குள் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நெவில் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். உள்ளே விட்டார், உட்காரச் சொல்லவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முடிக்கும்வரை மேவிஸைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் பலகைய வச்ச அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார்.

"அப்பவே மன்றத்துல சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் தப்பா தெரியல." இப்போது மேவிஸ் பக்கம் திரும்பினார். "எங்கம்மா சாகுற வரைக்கும் தெனம் உன் பேரச் சொல்லித்தான் எந்திரிப்பாங்க. எங்கக்கா பேர இல்ல, உன் பேர. அது உனக்குத் தெரியுமா? வாரத்துக்கு ஒரு தடவ அந்தக் கடைக்குப் பால் வாங்கப் போறேன். அந்த வரிசையில உன் பேரு இருக்குறதப் பாக்குறேன். அந்த நிமிஷம் மட்டுந்தான் மனசு கொஞ்சம் ஆறும். அதையும் எடுக்கணுமா உனக்கு?"

மேவிஸின் கைகள் பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தன.

"என் பேரு இருந்துட்டுப் போகட்டும் நெவில்" என்றார். "அவ பேரையும் போடட்டும். அதுக்குத்தான் வந்தேன்."

"என்னமோ பண்ணு. நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவ்வளவுதான். நாங்கள் வெளியே வருவதற்குள் தொலைக்காட்சியின் சத்தம் ஏறிவிட்டது.

செத்தது ஒன்பது பேர் என்றால் பத்துப் பெயர் போடமுடியாது என்று டெரிக் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். கடைசியில், ஆவணம் இருக்கும்போது சம்மதம் தேவையில்லை என்று மன்றம் முடிவெடுத்தது. சங்கிலியைப் பற்றி ஒரு வரி சேர்க்கும்படி நான் கேட்டுப்பார்த்தேன். பலகையில் இடமில்லை, பெயர்த் திருத்தம் மட்டும்தான் என்றார்கள். செப்டம்பரில் புதிய தகடு வந்தது. மேவிஸ் சட்டத்தின் பழைய பாசியைச் சுரண்டி, திருகாணிகளின் துருவைத் துடைத்து, மரத்துக்கு எண்ணெய் பூசித் தயார் செய்திருந்தார். மன்றத்து ஆள் தகட்டைப் பொருத்தும்போது பக்கத்திலேயே நின்றார். நாலாவது பெயர், ஐரீன் ஹோல்ரைடு, 14. மேவிஸ் அதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். பிறகு தகட்டில் பட்டிருந்த மன்றத்து ஆளின் விரல் ரேகைகளைக் கைக்குட்டையால் துடைத்தார்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் திருத்தம் ஏன் என்று மன்றம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. யாருடைய அட்டையில் யார் வேலைக்குப் போனாள் என்பதும், அந்த எம். என்ட்விசில் இப்போது யார் என்பதும் அதில் இருந்தது. டெரிக்குக்கு அது நெகிழ வைக்கும் கதையாகப் பட்டிருக்கிறது. அவருக்கு எல்லாவற்றையும் விளக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது நான். 'வெளியிட வேண்டாம்' என்று மேலே எழுத எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவள், அந்த இரண்டு வார்த்தையை எழுதவில்லை.

வாரப் பத்திரிகை அதை அப்படியே போட்டது. ஊரின் முகநூல் பக்கத்தில் மூன்று நாள் ஓடியது. பாவம், பதினைந்து வயதுப் பெண் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். ஆனால் கண்ணில் படுவது மற்றதுதானே. ஊர் சுத்தப் போனவ பொழச்சா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை செத்தா என்று ஒருவர். இத்தனை வருஷம் நம்ம பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டது இந்தக் கைதானா என்று இன்னொருவர். சந்தைத் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் லோரெயினின் பெரியத்தை அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. பலகை துடைத்துவிட்டு வரும் மேவிஸுக்குக் கேட்காமலே டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைப்பவள் அவள். செய்தி வந்த வாரம் மேவிஸ் போய் உட்கார்ந்தார். லோரெயின் வரவில்லை. அடுத்த மேசையைத் துடைத்தாள், அதற்கடுத்த மேசையைத் துடைத்தாள். இருபது நிமிஷம் காத்திருந்துவிட்டு மேவிஸ் எழுந்து போனார்.

பிறகு அவர் பலகைகளைத் தொடவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதலன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க" என்று சொன்னார். அதை நம்பிச் சொன்னாரா என்று தெரியவில்லை. காய்கறிப் பையும் வாளியும் கூடத்தின் மூலையில் காய்ந்து கிடந்தன.

நவம்பரில் நெவில் நூலகத்துக்கு வந்தார். அதற்கு முன்னால் அவரை நான் அங்கே பார்த்ததில்லை. புதுத் தகட்டைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். "எழுத்துப்பிழை இல்ல" என்றார். பிறகு, அந்த விசாரணைத் தாளைத் தானும் படிக்கலாமா என்று கேட்டார். ஜன்னலோர மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பதினாறாம் பக்கத்தை அவர் திரும்பத் திரும்பப் படிப்பது என் மேசையிலிருந்தே தெரிந்தது.

"இந்தக் கதவு விஷயம் எங்க வீட்ல யாரும் சொன்னதில்ல" என்றார். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். விசாரணை நடந்தப்போ அங்க போயி உக்காந்திருந்தாரே." மறுபடி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சங்கிலி போட்டவன் பேரு இதுல எங்கயும் இல்லையே" என்றார்.

இல்லை என்றேன்.

அங்கிருந்து நேராக மேவிஸ் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் அங்கே இல்லை. மறுநாள் மேவிஸ் சொல்லித்தான் தெரியும். வாசலிலேயே நின்றாராம், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லையாம்.

"கதவு பூட்டியிருந்துச்சாமே. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே தெரியும். நான் தெனம் அந்தக் கதவப் பாத்துக்கிட்டுதான வேல செஞ்சேன். அவளுக்குத்தான் தெரியாது. அத நான் சொல்லி அனுப்பல."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, பழிய வேற எடத்துல போட்டுட்டுத் தப்பிக்கப் பாக்குறேன்னு நெனச்சிருப்பீங்க."

நெவில் அப்படியே திரும்பிப் போய்விட்டார். இதை என்னிடம் சொல்லும்போது மேவிஸ் அழவில்லை. சளி பிடித்திருந்தது, இருமிக்கொண்டே சொன்னார்.

அந்தச் சளி நெஞ்சுக்கு இறங்கியது. ஜனவரியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை என்னை யாரோ பள்ளிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. இருபத்தெட்டு வருஷம் தினம் இருநூறு தட்டுக்குப் பரிமாறியவரின் அடக்கத்துக்கு நாங்கள் பதினோரு பேர் வந்திருந்தோம். லோரெயின் வந்து, அழுதுவிட்டுப் போனாள். நெவில் வரவில்லை.

அவர் மார்ச்சில் வந்தார், நூலகத்துக்கு. சங்கிலியைப் பற்றிப் பலகையில் எழுதவேண்டுமென்று மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் தயார் செய்யச் சொன்னார். என்ன எழுதவேண்டும் என்று அவரே யோசித்து வைத்திருந்தார், ஒரே வாக்கியம். 'வெளியேறும் கதவு நிர்வாகத்தால் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருந்ததால் இவர்கள் இறந்தார்கள்.' அவர் சொல்ல நான் தட்டினேன். 'இவர்கள்' என்பதற்குப் பதிலாக ஐரீன் பெயரைக் குறிப்பிட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஒன்பது பேரும் என்று போடு என்றார். மேவிஸைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பதில் ஜூலையில் வந்தது. சூப்பர்மார்க்கெட் தன் தள்ளுவண்டிக் கொட்டகையை விரிவாக்குவதால் அந்தப் பலகை தற்காலிகமாக அகற்றப்படுகிறது, மாற்று இடம் கிடைத்ததும் வாசகம் பற்றிய கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று டெரிக் கையெழுத்திட்டிருந்தார். கடிதத்தை நெவிலுக்குப் படித்துக் காட்டினேன். நகல் ஒன்று வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு விண்ணப்பம் எழுதலாமா என்று கேட்டார். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினேன்.